ஓட்டியது நான்தான்

எங்கள் ஜீப்பை ஓட்டுவது நான். பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு "பாத்து, பாத்து" என்று சொல்லிக்கொண்டு வருவது என் வீட்டுக்காரர். அவர் வட்டக்கானலில் ஒரு விடுதியில் சமையல்காரர். நாயுடுபுரத்திலிருந்து அங்கே இருக்கிற விடுதிகளுக்குக் காய்கறி, கேஸ் சிலிண்டர், சில சமயம் சுற்றுலாக்காரர்கள் என்று எல்லாவற்றையும் நான் ஏற்றிப் போவேன். வண்டி என் பெயரில், லைசென்ஸ் என் பெயரில், ஸ்டாண்டில் வண்டி போட்டிருக்கிற ஒரே பொம்பளையும் நான்தான். ஆரம்பத்தில் என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் இப்போது இடுக்கான இடமென்றால், "அக்கா, கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்துக் குடுங்க" என்று சாவியை நீட்டுகிறார்கள். பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். அடித்துக்கொள்ளத்தான் செய்கிறேன்.

அப்படிப்பட்ட நான் ஒரு மழைக்கால மாலையில், வீட்டுக்காரரையும் ஏற்றிக்கொண்டு வரும்போது, மூடுபனிக்குள், வேகத்தைக் குறைக்காமல் ஒரு வளைவில் திரும்பினேன். ரோட்டோரமாக விறகுக் கட்டோடு நடந்துவந்த ஒரு அம்மாவை வண்டியின் இடது ஓரம் இடித்துத் தள்ளிவிட்டது. கேரட் தோட்டத்தில் கூலி வேலை செய்பவர். சின்ன வயதில் சிலோன் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வந்து இந்த மலையில் குடியேறியவர். அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தது. பனிமேல் பழி போட எனக்கு மனசில்லை. தினமும் போகிற வளைவுதானே என்கிற திமிர்தான் காரணம்.

பின்னால் வந்த ஒரு காரில் அந்த அம்மாவை ஏற்றி, தலையை என் மடியில் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வீட்டுக்காரர் ஜீப்போடு நின்றுகொண்டார். அங்கேதான் அவர் தன் வீரத்தைக் காட்டியிருக்கிறார். போலீஸ் வந்து யார் ஓட்டியது என்று கேட்டதும், "நான்தாங்க" என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். எஃப்.ஐ.ஆரில் டிரைவர் என்று அவர் பெயர் ஏறிவிட்டது.

எங்கள் பக்கம் அது ஒரு பழக்கம். வீட்டுப் பொம்பளைக்கு எந்த வம்பு வழக்கு வந்தாலும் ஆம்பளை முன்னால் போய் நின்றுகொள்வார். அவள் போலீஸ் ஸ்டேஷன் வாசலை மிதிக்கக் கூடாது. பாசம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என் பாசக்கார மனிதருக்கு லைசென்ஸே கிடையாது.

"உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு? லைசென்ஸ் இல்லாத ஆளு ஓட்டுனா இன்சூரன்ஸ்ல குடுப்பாங்களா? அந்தம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கத்தினேன்.

"ஒன்னையக் கொண்டுபோயி ஸ்டேஷன்ல ஒக்கார வச்சிருவாங்கன்னு பயந்துட்டேன் புள்ள. அதுக்கு மேல ஒண்ணும் யோசிக்கல."

மறுநாள் வெள்ளனே லைசென்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். ஓட்டியது நான்தான் என்றதும் அங்கிருந்த போலீஸ்காரர் சிரித்தார். "ஏம்மா, இந்தக் கதைய நாங்க எத்தன பேருகிட்ட கேட்டிருக்கோம்!" என்றார். அவர் சிரித்ததற்கும் காரணம் உண்டு. லைசென்ஸ் இல்லாதவன் எங்கேயாவது இடித்துவிட்டால், லைசென்ஸ் உள்ள சொந்தக்காரன் ஒருவனைக் கொண்டுவந்து நிறுத்தி, இவன்தான் ஓட்டினான் என்று சொல்ல வைப்பது ஊரறிந்த தில்லுமுல்லு. நான் சொன்ன உண்மையோ அச்சு அசலாக அந்தப் பொய் மாதிரியே இருந்தது.

அந்த அம்மா நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது இன்சூரன்ஸ் கம்பெனி இதைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. ஓட்டியது கணவர், அவருக்கு லைசென்ஸ் இல்லை, ஆகவே பொறுப்பு முழுவதும் வண்டியின் சொந்தக்காரியுடையது என்றார்கள். அது நிலைத்தால் ஜீப் போகும், வீடும் போகும். அப்படியும் அந்த அம்மாவின் வைத்தியத்துக்குக் காணாது என்று எங்கள் வக்கீல் சொல்லிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது இன்னொன்றுக்கும். இந்த மலைரோட்டில் இத்தனை காலம் வண்டி ஓட்டுகிறேன், ஓட்டியது நான் என்றால் நம்ப ஒரு ஆள் இல்லை.

கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னேன். வளைவில் வேகத்தைக் குறைக்கவில்லை, தப்பு என்னுடையது என்றேன். இன்சூரன்ஸ் வக்கீல், "இவ்வளவு சுலபமாக யாராவது தன் தப்பை ஒத்துக்கொள்வார்களா?" என்று கேட்டார்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "தப்பு பண்ணலைன்னு சொன்னாலும் நம்பமாட்டீங்க, பண்ணேன்னு சொன்னாலும் நம்பமாட்டேங்கிறீங்க. பின்ன நான் என்னதாங்க சொல்லணும்?" என்றேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி என்னை அடக்கினார்.

அந்த அம்மா கம்பை ஊன்றி வந்து, "தொர, இந்தப் புள்ளதான் ஓட்டுச்சு. எறங்கி ஓடியாந்து என்னைய மடியில போட்டுக்கிட்டு அழுதுச்சு" என்று நீதிபதியிடம் சொன்னார். நஷ்டஈடு கிடைப்பதற்காக அவர் எதையும் சொல்வார் என்று வக்கீல் அதையும் தள்ளினார்.

கடைசியில் என் வீட்டுக்காரர் ஏறினார். வேடிக்கை பார்க்க ஸ்டாண்டு டிரைவர்கள் வந்திருந்தார்கள். அவர்களிடமெல்லாம் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே தான்தான் என்று இவர் பல காலமாக அளந்துவிட்டு வைத்திருந்தார். நானும் போகட்டும் என்று அதை மறுத்ததில்லை.

"போலீசிடம் நீங்கள்தானே ஓட்டியதாகச் சொன்னீர்கள்?" என்று வக்கீல் கேட்டார்.

வீட்டுக்காரர் டிரைவர்கள் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு நீதிபதியைப் பார்த்துக் கும்பிட்டார்.

"ஆமாங்கய்யா, சொன்னேன். அது பொய்யிங்க. எனக்கு வண்டி ஓட்டவே தெரியாது. சைக்கிள்கூடத் தெரியாதுங்க."

வக்கீல் விடவில்லை. நீதிபதியே குறுக்கிட்டு, சேற்றில் மாட்டினால் நாலு சக்கரமும் இழுக்க உங்கள் ஜீப்பில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்.

"ரெண்டு மூணு கம்பி நீட்டிக்கிட்டு இருக்குங்கய்யா. அதுல எதையோ அவ புடிச்சு இழுப்பா. நான் எறங்கித் தள்ளுவேங்க."

கோர்ட்டே சிரித்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. "பொண்டாட்டிய ஸ்டேஷனுக்கு அனுப்ப மனசு வரல, அதான் பொய் சொன்னேன். அதுக்கு என்ன தண்டனையோ குடுங்க. ஆனா ஓட்டுனது அவதான்" என்றார். தலை கவிழ்ந்து இறங்கி வந்த அந்த மனிதரைப் பார்த்தபோது எனக்கு வந்த பெருமையை என்னவென்று சொல்ல? ஆம்பளைகள் கூடியிருக்கிற இடத்தில் எனக்குத் தெரியாது என்று சொல்ல எத்தனை ஆம்பளையால் முடியும்? எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

தீர்ப்பு வந்தது. கவனக்குறைவாக ஓட்டி விபத்தை உண்டாக்கியது நான்தான், என்னிடம் செல்லத்தக்க லைசென்ஸ் இருந்தது, ஆகவே நஷ்டஈட்டை இன்சூரன்ஸ் கம்பெனியே கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தப்பு என்னுடையது என்று வாசித்தபோது என் முகம் மலர்ந்ததைப் பார்த்து எங்கள் வக்கீல், "சிரிக்காதீங்கம்மா" என்று காதைக் கடித்தார்.

வெளியே வந்தால் மழை பிடித்துக்கொண்டது. அந்த அம்மா கம்போடு படியோரம் ஒதுங்கி நின்றார். வாங்க, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் கையில் இருந்த சாவியைப் பார்த்தார்.

"நீ ஓட்டுறதுன்னா ஏறுறேன் புள்ள. அவரு ஓட்டுறதா இருந்தா நான் நடந்தே போயிர்றேன்" என்றார்.

வீட்டுக்காரர் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு, முன் சீட்டு அந்த அம்மாவுக்கு இருக்கட்டும் என்று பின்னால் போய் ஏறிக்கொண்டார்.