ஆடிட்டில் தோற்காத ரகு

ஒரகடத்தில் பிரேக் டிஸ்க் செய்கிற அந்தக் கம்பெனியில் ஆடிட் என்றாலே முதலில் தேடப்படுகிற ஆள் ரகுதான். கார் கம்பெனியிலிருந்து ஆட்கள் வெள்ளை ஹெல்மெட்டோடு வருவார்கள். லைனில் நிற்கிற யாரையாவது பிடித்து, இந்த அளவை எப்படிப் பார்க்கிறாய், தப்பு வந்தால் என்ன செய்வாய் என்று குடைவார்கள். புதுப் பையன்கள் பேந்தப் பேந்த விழிப்பார்கள். ரகு மட்டும் அசரமாட்டான். அதனால் மேனேஜர் எப்படியாவது சுற்றிவளைத்து அவர்களை ரகுவின் மேஜைக்கே கூட்டிவந்து விட்டுவிடுவார்.

அவனிடம் பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்வது, கேட்காததைச் சொல்லாமல் இருப்பது, அவ்வளவுதான். முந்தின நாளே கழிவுத் துண்டுகள் கிடக்கிற சிவப்புப் பெட்டியை ஸ்டோருக்குப் பின்னால் தள்ளிவிடுவான். தரையில் மஞ்சள் கோட்டுக்குப் புதுப் பெயின்ட் ஏறும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து அதே லைனில் வேலை பார்க்கிற மாரிசெல்வம் ஒருமுறை ஆடிட்டரிடம், "இந்த மிஷின் அப்பப்ப மக்கர் பண்ணும் சார்" என்று தானாகவே வாயை விட்டுவிட்டான். சாயந்திரம் ரகு அவனை வறுத்தெடுத்துவிட்டான்.

"உன்ன யார்றா கேட்டா? அவன் பாட்டுக்குப் போயிக்கினு கீறான். நீயா கூப்ட்டு வெச்சு சொல்ற?"

"உள்ளதத்தானண்ணே சொன்னேன்."

"உள்ளத சொல்றதுக்கு நீ இன்னா கோர்ட்லயா நிக்கிற?"

ரகு வல்லக்கோட்டைக்குப் பக்கத்து ஊர்க்காரன். ஐ.டி.ஐ. முடித்ததும் கான்ட்ராக்டில் நுழைந்து, நிரந்தரமாகி, லைனை விட்டு நகராதவன். மனைவி பிரவீனா மணிமங்கலத்துப் பெண். ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் வேலை. இருவருக்கும் வெவ்வேறு ஷிஃப்ட் என்பதால் வாரம் முழுக்க வீட்டில் ஒருவரையொருவர் முழுசாகப் பார்ப்பதே அபூர்வம். நைட் ஷிஃப்டில் தூக்கம் வராமலிருக்க லைனில் பாதிப் பேர் செய்வதை ரகுவும் செய்தான். பாக்கெட் புகையிலையில் ஒரு சிட்டிகை எடுத்துக் கன்னத்து ஓரம் ஒதுக்கிக்கொள்வான். டீ குடிக்கப் போனால்தான் லைன் நிற்கும், இதற்கு நிற்காது. மேலே மாஸ்க் இருப்பதால் சூப்பர்வைசருக்கும் தெரியாது. அந்தப் பாழாய்ப்போன வசதிதான் அவனைப் பிடித்துக்கொண்டது.

நாக்கின் ஓரத்தில் வந்த புண்ணைப் பல் குத்தியது என்றான், சூட்டுப் புண் என்றான். கடைசியில் சென்னை ஆஸ்பத்திரியில் அதற்குப் புற்றுநோய் என்று பெயர் வைத்தார்கள். நாக்கில் பாதியையும் கழுத்தில் கொஞ்சத்தையும் வெட்டி எடுத்தார்கள். அப்புறம் கதிர்வீச்சு சிகிச்சை என்று கழுத்தில் கரண்ட் வைத்தார்கள். ரகு எல்லாவற்றையும் தாங்கினான். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் அவன் நெஞ்சுரம் பெரிது. தேறி லைனுக்கே திரும்பிவிட்டான், பேச்சு மட்டும் குழறியது. கேட்டுப் பழகினவர்களுக்குத்தான் புரியும்.

வெட்டி எடுத்த துண்டில் ஜீன் டெஸ்ட் செய்திருந்தார்கள். அதன் முடிவைச் சொல்ல டாக்டர் கனகலட்சுமி ஒருநாள் அவனை உட்கார வைத்தார். சுற்றி வளைக்காமல் பேசுகிற டாக்டர் அவர்.

"ரகு, நீங்க பிரேக் கம்பெனியில இருக்கீங்க இல்ல? உடம்புலயும் செல்லுக்கு பிரேக் போடுற ஜீன் ஒண்ணு இருக்கு. கண்டபடி வளர விடாது. உங்க கட்டியில அந்த ஜீன் பழுதாகி இருக்கு. இந்த மாதிரிக் கட்டி திரும்ப வர வாய்ப்பு ஜாஸ்தி."

"அப்ப வந்துருமா மேடம்?"

"வரும்னு நான் சொல்லல. பிரேக் போன வண்டி எல்லாம் மோதிடுறது இல்லையே. ஆனா அதுமேல இருந்து கண்ணை எடுக்கக் கூடாது. மாசா மாசம் வாங்க. சின்ன வலி, சின்ன வீக்கம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. நீங்க சொன்னாத்தான் எனக்குத் தெரியும். கரண்ட் வெச்ச கழுத்து கெட்டியாயிடும், கைக்கு எல்லாம் தட்டுப்படாது."

டாக்டர் சொன்னது இவ்வளவுதான். ரகுவின் மண்டையில் ஏறியதோ வேறு. கழித்துப் போடுகிற டிஸ்க்குக்குக் கட்டுகிற சிவப்பு டேக்கைத் தன் மேல் யாரோ கட்டிவிட்டார்கள் என்று நினைத்தான். அந்த ஜீன் என்ன தன்னைத் தீர்மானிப்பது, மாசா மாசம் ஓகே வாங்கிக் காட்டுகிறேன் பார் என்று மனசுக்குள் சபதமே போட்டுவிட்டான். எப்படி ஓகே வாங்குவது என்பதுதான் அவனுக்குத் தெரிந்த வித்தையாயிற்றே!

செக்கப்புக்கு முந்தின நாள் முடி வெட்டிக்கொள்வான். சட்டைக்கு இஸ்திரி போடுவான். கண்ணாடி முன் நின்று வாயைத் திறந்து மூடிப் பழகுவான். டாக்டர் கேட்பதற்கெல்லாம் தயாராகப் பதில் இருக்கும். சாப்பாடு? இறங்குது மேடம். தூக்கம்? நல்லா வருது மேடம். வலி? இல்ல மேடம். "குட், இப்படியே இருங்க" என்று டாக்டர் சொன்னதும் வெளியே வந்து, பைக்கில் கூட்டிவந்த மாரிசெல்வத்திடம் கட்டை விரலைத் தூக்கிக் காட்டுவான்.

"ஓகேவாண்ணே?"

"நான் போய் எந்த ஆடிட்டுடா ஓகே ஆவாம இருந்துச்சு?"

மாரிசெல்வமும் அதை நம்பி, வழியில் இளநீர் வாங்கிக் கொடுத்தான்.

தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் வலது காது வலிக்க ஆரம்பித்தது. குளிர்காற்று என்று மருந்துக்கடையில் சொட்டு மருந்து வாங்கினான். வலி அடங்கவில்லை. விழுங்கும்போதெல்லாம் காதுக்குள் ஊசி ஏற்றியது. காதுதானே, வாய் இல்லையே, டாக்டர் காதைப் பற்றிக் கேட்கவே இல்லையே என்று ஒரு கணக்குப் போட்டான். அடுத்த செக்கப்புக்குப் போகிற காலையில் இரண்டு வலி மாத்திரையை முழுங்கிவிட்டுப் போய் உட்கார்ந்தான். அன்றும் ஓகே. அதற்கடுத்த மாசமும் அதே மாத்திரை, அதே ஓகே. உள்ளூர அவனுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்ததால்தான் மாத்திரையைப் பிரவீனாவுக்குத் தெரியாமல் டூல் பையில் வைத்திருந்தான்.

அவளுக்கா தெரியாது? துணி துவைக்கிறவளுக்குச் சட்டைப் பையில் காலி மாத்திரை அட்டை கிடைக்காதா? கேட்டாள். உடம்பு அசதி என்றான். அவன் தூங்கும்போது காதைப் பொத்திக்கொண்டு படுத்திருப்பதைப் பார்த்தாள். மறுபடி கேட்டாள். எரிந்து விழுந்தான். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை. ஜனவரி செக்கப்புக்கு லீவு போட்டுவிட்டு அவளே கூடக் கிளம்பினாள்.

பஸ்ஸில் ரகு அவளுக்கு டிரெயினிங் கொடுத்தான்.

"உள்ள வந்து சும்மா குந்து. டாக்டரு உன்ன கேட்டா மட்டும் பேசு. இன்னா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டர் வழக்கம்போலக் கேட்டார். ரகு வழக்கம்போலச் சொன்னான். கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, அடுத்த மாசம் வாங்க" என்று டாக்டர் தேதி எழுதப் பேனாவை எடுத்தார்.

"மேடம், இவரு பொய் சொல்றாரு," என்றாள் பிரவீனா.

ரகு அவள் கையைப் பிடித்து இழுத்தான். அவள் உதறிவிட்டாள்.

"தீபாவளிக்கு முன்னாடி இருந்தே காது வலி. ராத்திரி எல்லாம் பொத்திக்கினு கிடக்கிறாரு. உங்களைப் பார்க்க வர்றதுக்குன்னே காலைல மாத்திரை போட்டுக்கினு வர்றாரு. இன்னிக்கும் போட்டாரு. சட்டப் பையில அட்டை கீது, பாருங்க."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். திட்டவில்லை. "எந்தக் காது?" என்று மட்டும் கேட்டார். அன்றைக்கே ஸ்கேனுக்கு எழுதினார். பிறகு கழுத்தில் ஊசி போட்டுச் சதை எடுத்தார்கள். முடிவு வரும்வரை ரகு பிரவீனாவோடு பேசவில்லை. டாக்டர் எதிரில் தன் மானத்தை வாங்கிவிட்டாள் என்று அவனுக்குக் கோபம். மேனேஜர் முன்னால்கூடத் தலைகுனியாதவன் அவன். அவள் சோற்றைக் குழைத்து வைத்தாள், அவன் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான். வீட்டில் டி.வி. மட்டும் பேசியது.

முடிவு கேட்க இருவரும் போனார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தைத் திருப்பிக் காட்டினார். வலது கழுத்தில், உள்ளே ஆழமாக, புளியங்கொட்டை அளவில் ஒன்று இருந்தது.

"திரும்ப வந்திருக்கு ரகு. காது வலிச்சது இதனாலதான்."

ரகு படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் கேட்டான். "நான் காது வலி வந்தப்பவே சொல்லியிருந்தா?"

"இதைவிடச் சின்னதா இருந்திருக்கும். சின்ன ஆபரேஷனோட போயிருக்கும்."

"இப்ப?"

"இப்பவும் எடுக்கலாம். கொஞ்சம் பெரிசா வெட்டணும். இன்னும் ஒரு மாசம் இப்படியே ஓட்டியிருந்தீங்கன்னா, என்னால இதைக்கூடச் சொல்லியிருக்க முடியாது."

ரகு திரும்பிப் பிரவீனாவைப் பார்த்தான். அவள் மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்க்கவில்லை.

"வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார் டாக்டர். எல்லாரிடமும் கேட்கிற கேள்விதான்.

ரகு சொல்ல ஆரம்பித்தான். தண்ணீர் குடித்தால் புரை ஏறுகிறது. வலது தோளைத் தூக்க முடியவில்லை, டிஸ்க்கை இடது கையால்தான் எடுக்கிறேன். பெல்ட்டில் புது ஓட்டை போட்டிருக்கிறேன். இட்லி இறங்குது என்று சொன்னது பொய், கரைத்துத்தான் குடிக்கிறேன். டாக்டர் எழுதிக்கொண்டே வந்தார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள். அவன் நிறுத்தவில்லை. பாதி நாக்கால் அவசரமாகப் பேசினதில் வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறின. கடைசியாக ஒன்று சொன்னான். அது சுத்தமாகக் குழறிப் போயிற்று.

"என்ன ரகு? திரும்பச் சொல்லுங்க," என்றார் டாக்டர்.

அவனுக்குத் திரும்பச் சொல்ல வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயில் அந்த வார்த்தையைப் பிரவீனா கேட்டதில்லை. ஆனால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"பயமா கீதாம் மேடம்," என்றாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "எனக்குந்தான்."