தாரை வார்த்த விளையாட்டுப் பீரியட்

பள்ளியின் விளையாட்டு ஆசிரியைக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் விசில் டீச்சர். அதுவே நிலைத்துவிட்டது. தலைமை ஆசிரியர்கூட "விசில் டீச்சரை வரச் சொல்லு" என்றுதான் ஆளனுப்புவார். பந்துக்குக் காற்றடிப்பது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, காலைக் கூட்டத்தில் வரிசையை நேராக்குவது, மயங்கி விழுந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுவது, யார் லீவு போட்டாலும் அந்த வகுப்பில் போய் உட்கார்ந்துகொள்வது என்று எல்லாம் அவள் தலையில்தான் விழும். ஆசிரியர் அறையில் அவளுக்கு நாற்காலி உண்டு, மேசை கிடையாது. திருத்துவதற்கு விடைத்தாளா இருக்கிறது, மேசை எதற்கு என்று கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள்.

ஆண்டுதோறும் பெற்றோர் கூட்டத்தில் அவளுக்குச் சில நிமிடம் பேசக் கொடுப்பார்கள். ஓடியாடுகிற பிள்ளைக்குத்தான் படிப்பு ஏறும், உடம்பு முடங்கினால் புத்தியும் முடங்கும் என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். கைதட்டல் நன்றாகவே விழும். கைதட்டிய பெற்றோரில் ஒருவரும் அதை நம்பவில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவளும் நம்பவில்லை என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

அவள் மகள் அதே பள்ளியில் பத்தாம் வகுப்பு. வீட்டில் அவளுக்குப் பெயர் வாலு. அதற்கேற்றபடி ஓரிடத்தில் உட்கார மாட்டாள். படிப்பதுகூட அறைக்குள் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டேதான். ஓட்டப்பந்தயத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை, மதிப்பெண்ணுக்கும் குறைவில்லை. பத்தாம் வகுப்பு தொடங்கிய அன்று, ஷூவின் கயிற்றைக் கட்டிக்கொண்டே, "நானும் உன்ன மாதிரி பி.டி. டீச்சர்தான் ஆகப்போறேன்" என்றாள்.

பெற்றவளுக்கு மேசையில்லாத நாற்காலியில் மகள் உட்கார்ந்திருப்பதுபோல் கண்ணுக்குள் வந்து நின்றது. மறுநாளே கணக்கு வாத்தியாரிடம் போய், பத்தாம் வகுப்பின் விளையாட்டுப் பீரியட் அத்தனையையும் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று தாரை வார்த்தாள். ஒவ்வொரு வருடமும் அந்த மனிதர் வந்து கெஞ்சுவதும் இவள் மல்லுக்கு நிற்பதும்தான் வழக்கம். அவர் தன் காதையே நம்பவில்லை. வீட்டில் மகளின் ஷூவைப் பரண்மேல் போட்டாள். ஒரே ஒரு வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார், அப்புறம் உன் இஷ்டம் என்று மகளிடம் சொன்னாள். மகள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

பீரியட் போனதும் டீச்சர் சும்மா இருப்பது தலைமை ஆசிரியர் கண்ணில் பட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு வராந்தாவில் சத்தம் வராமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார். அதற்கும் விசில்தான். ஒரு ஊது ஊதினால் போதும், அத்தனை தலையும் புத்தகத்தின்மேல் கவிழ்ந்துவிடும். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையை என்னவென்று சொல்வது!

மகள் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் உட்கார்ந்தபடியே இருந்தாள். முதலில் தலைவலி என்றாள், பிறகு இடுப்புவலி. இரவில் தூக்கம் வராமல் புரண்டாள், காலையில் எழ முடியாமல் கிடந்தாள். புத்தகம் திறந்திருக்கும், பக்கம் மட்டும் புரளாது. மதிப்பெண் சரியச் சரிய அம்மா டியூஷனைக் கூட்டினாள். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அச்சகத்தில் வேலை செய்யும் அப்பா ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால், "இவ சிரிச்சு எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார். வாலு என்று கூப்பிடுவதை எப்போது விட்டோம் என்பதும் யாருக்கும் நினைவில்லை.

மாதிரித் தேர்வில் மகள் கணக்குத் தாளை வெறுமையாகக் கொடுத்துவிட்டு வந்தாள். டீச்சர் கையை ஓங்கிவிட்டாள்.

"படிச்சேம்மா. எல்லாத்தையும் படிச்சேன். பேப்பரப் பாத்ததும் ஒண்ணுமே இல்லம்மா, உள்ள வெள்ளையா இருந்துச்சு" என்றாள் மகள். அழக்கூட இல்லை. அழுதிருந்தால் தேவலை.

மகளை டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் கண்ணைப் பார்த்தார், ரத்தம் எடுத்துப் பார்த்தார். நோய் என்று எதுவும் இல்லை. விளையாடுவதுண்டா என்று மகளைக் கேட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"நான் பி.டி. டீச்சர், டாக்டர்" என்றாள் அம்மா, அது அந்தக் கேள்விக்குப் பதில் என்பதுபோல.

"அப்ப உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்ல" என்று டாக்டர் பேனாவை மூடினார்.

திரும்பும் வழியெல்லாம் அவளுக்குத் தன்னுடைய பெற்றோர் கூட்டப் பேச்சுதான் காதில் கேட்டது. ஒவ்வொரு சொல்லும் உண்மையாக இருந்து தொலைத்தது. மறுநாள் வராந்தாவில் நடந்தபோது ஜன்னல் வழியாக மற்ற பிள்ளைகளையும் இப்போதுதான் முதல்முறையாகப் பார்த்தாள். ஒருத்தி மேசையில் தலை கவிழ்ந்திருந்தாள். ஒருவன் விரலில் ரத்தம் வரும்வரை நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். தன் பிள்ளையை மட்டுமல்ல, ஊரார் பிள்ளைகளையும் சேர்த்தல்லவா முடக்கிப் போட்டிருக்கிறோம் என்று உறைத்தது.

பீரியடைத் திருப்பிக் கேட்டாள். பாடம் முடியவில்லை, பரீட்சைக்கு அப்புறம் பார்க்கலாம் என்றார் கணக்கு வாத்தியார். பரீட்சைக்கு அப்புறம் யாருக்கு வேண்டும்? தலைமை ஆசிரியரிடம் அழுதே கேட்டாள். அவர் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார்.

"நீங்களாத்தானே குடுத்தீங்க டீச்சர். இப்ப கொழந்தைங்கள வெளிய விட்டா பெத்தவங்க என்னைத்தான் சும்மா விடமாட்டாங்க."

சரி, மகளையாவது மீட்போம் என்று பரணிலிருந்து ஷூவை இறக்கினாள். டியூஷனுக்குப் போகவேண்டாம், மைதானத்துக்குப் போகலாம் வா என்று கூப்பிட்டாள். மகள் ஷூவைத் தொடவில்லை. "வேணாம்மா, பயமா இருக்கு" என்று புத்தகத்தை இழுத்து மார்போடு வைத்துக்கொண்டாள். ஓடப் பயப்படும் பிள்ளையையா பெற்றேன் என்று டீச்சர் சமையலறைச் சுவரில் தலையைச் சாய்த்து நின்றாள்.

மறுநாள் வேலை போனால் போகட்டும் என்று துணிந்து கணக்கு வகுப்புக்குள் நுழைந்தாள். "சார், இது என் பீரியட்" என்றாள். வாத்தியார் சாக்பீஸும் கையுமாக நிற்க, பிள்ளைகளை வரிசையாக வெளியே அழைத்துப் போனாள். வாத்தியார் தலைமை ஆசிரியரின் அறைப் பக்கம் விரைவது தெரிந்தது. கிடைக்கப்போவது கொஞ்ச நேரம்தான்.

மைதானத்தில் புல் கணுக்கால் வரை வளர்ந்திருந்தது. அவள் போட்ட கோடுகள் எப்போதோ அழிந்திருந்தன. பிள்ளைகள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரே இடத்தில் குவிந்து நின்றார்கள். பாதிப் பேர் புத்தகத்தோடு வந்திருந்தார்கள். மகளும்தான்.

டீச்சர் நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து விசிலை ஊதினாள்.

அத்தனை பேரும் நின்ற இடத்திலேயே சட்டென்று புல்லில் உட்கார்ந்தார்கள். புத்தகம் இருந்தவர்கள் திறந்தார்கள். இல்லாதவர்கள் வெறும் மடியைப் பார்த்துத் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் ஒரு சத்தம் இல்லை. எல்லாருக்கும் முந்தி உட்கார்ந்தது அவள் மகள்.

டீச்சர் விசிலைக் கையிலிருந்து நழுவவிட்டாள். புல்லில் மண்டியிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். தலைமை ஆசிரியர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஓடுடி" என்றாள். "என் தங்கமில்ல, எழுந்து ஓடுடி."

மகள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தாள். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளைதான் அவள், முயன்று யோசித்தாள். பிறகு தெரியாத பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல மெதுவாகக் கேட்டாள்.

"எங்கம்மா ஓடணும்?"