பாய் கொடுத்த மெஷின் கத்தவில்லை

ஜமால் பாய் போய்விட்டார்.

வாட்ஸ்அப்பில் செய்தி வந்தபோது நம்பவில்லை. பாபநாசத்தில் ஒருவருக்கு போன் போட்டு, அவர் போய்க் கடை ஷட்டரைப் பார்த்துச் சொன்ன பிறகுதான் நம்பினேன். என் சுபாவம் அப்படி... பாய்க்கும் அது தெரியும்.

பாபநாசம் மெயின் ரோட்டில் சென்ட், டார்ச் லைட், ஃபிளாஸ்க் விற்கிற சின்னக் கடை அவருடையது. உள்ளே திரைக்குப் பின்னால்தான் அவருடைய உயிர் இருந்தது. மெட்டல் டிடெக்டர்கள்.

துபாயிலிருந்து வருகிறவர்கள் ஆசைப்பட்டு வாங்கி வந்து, நாலு நாளில் சலித்துப்போய் இவரிடம் தள்ளிவிடுவார்கள். பாய் அதைப் பிரித்து, சரி பண்ணி, ஆள் பார்த்து மாற்றிக் கொடுப்பார். ஆள் பார்த்து என்பதை அடிக்கோடிட்டுப் படிக்கவும்.

நான் முதலில் போனபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை. "புதையலா, சிலையா? ரெண்டுல எதுன்னாலும் இப்பவே கெளம்பிடுங்க" என்றார்.

"அம்மாவோட தோடு வயல்ல விழுந்துடுச்சு பாய்" என்றேன். பொய். நான் தேடப் போனது ஒரு இரும்பு பைப்.

விஷயம் இதுதான். நில உச்சவரம்பில் பண்ணையிடமிருந்து எடுத்து அரசாங்கம் பிரித்துக் கொடுத்த இடம் எங்கள் வயல். அப்பா அந்தப் பண்ணையில் ஆளாக இருந்தவர். பக்கத்து வயல் பண்ணை வீட்டுப் பேரன் ரகுவுடையது. ஒவ்வொரு வருஷமும் ஓரத்தைச் செதுக்கி அண்டை வெட்டும்போது வரப்பு கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் பக்கம் நகர்ந்து வந்தது. சர்வே கல்லும் ஒருநாள் காணாமல் போனது.

ஆட்சி மாறும்போதெல்லாம் புது மனு கொடுத்தோம். மனுதான் சேர்ந்தது, வயல் சேரவில்லை.

எங்கள் எல்லைக்குள் அப்பா போர் இறக்கிய பைப் ஒன்று இருந்தது. தண்ணீர் நின்றுபோனதும் ஏர் இடிக்காத ஆழத்தில் தலையை அறுத்துவிட்டு மூடிவிட்டார். வரப்பு நகர்ந்ததில் அது இப்போது ரகு பக்கம் இருக்க வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்தில் ரகு எல்லார் முன்னாலும், "பைப்பு இருந்தா காட்டட்டும், எடத்த விட்டுடறேன்" என்று சொல்லியிருந்தார். அப்பாவும் உயிரோடு இல்லை. அந்தப் பைப் கிடைத்தால் வயல், இல்லாவிட்டால் அவ்வளவுதான்.

கடைக்காரரிடம் இதைச் சொன்னால் நான் தேடுவதற்கு முன்பே ரகு காதுக்குப் போகாதா? அதனால்தான் தோடு.

பாய், நெல் அறுத்த தாளுக்கு நடுவே நுழைகிற மாதிரி, தரையைத் தடவும் வட்டம் சின்னதாக உள்ள மெஷினாகப் பார்த்து எடுத்தார். ஒரு குமிழைத் திருகினார். "வேண்டாத சத்தம் வராம வச்சிருக்கேன். இதை மட்டும் தொடாதீங்க."

தொடாதே என்றால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. இருந்தாலும் தொடவில்லை.

வயலில் அரை ஊர் பார்த்துக்கொண்டு நிற்கிறது. மெஷின் மூச்சுக்கூட விடவில்லை. வரப்பில் நின்ற ரகு, "பேட்டரி இருக்கான்னு பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

அடுத்த வாரம் ரகு வீட்டு வாசலில் பாயின் பழைய ஸ்கூட்டர்...

எல்லாம் விளங்கிவிட்டது என்று நினைத்தேன். மறுநாளே மெஷினோடு கடைக்குப் போய்க் கண்டபடி பேசினேன். "எவ்வளவு வாங்குனீங்க அவர்கிட்ட?" என்றுகூடக் கேட்டுவிட்டேன்.

பாய் கோபப்படவில்லை. "நெசமா எதைத் தேடுறீங்க?" என்றார்.

"இரும்பு பைப்பு. எங்கப்பா போட்டது."

ரொம்ப நேரம் என்னையே பார்த்தார். பிறகு மெஷினை வாங்கிக் குமிழை முழுக்க இடது பக்கம் திருப்பி, ஷட்டர் பக்கம் நீட்டினார். கடையே அதிர்கிற மாதிரி கத்தியது.

"தோடுன்னு சொன்னீங்க. ஆணி, லாடம் தொந்தரவு பண்ணக் கூடாதேன்னு இரும்புக்கு மட்டும் கத்தாம மூடி வச்சேன்."

"ரகு வீட்டுக்கு எதுக்குப் போனீங்க?"

"அவரும் ஒரு மெஷின் வாங்குனாரு. எதுக்குன்னு உங்ககிட்ட சொல்ல மாட்டேன். உங்க விஷயத்தை அவர்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

பைப் கிடைத்தது. வரப்பு பழைய இடத்துக்குப் போனது. ஆனால் அந்த ஸ்கூட்டர் என் மனசை விட்டுப் போகவில்லை.

அப்புறம் எனக்கே இதில் பைத்தியம் பிடித்து, அந்த முதல் மெஷினை மட்டும் வைத்துக்கொண்டு, பிறகு வாங்கியதையெல்லாம் அவரிடமே கொடுத்துக் கொடுத்து மாற்றினேன். ஒவ்வொரு தடவையும் நல்லதை ஒளித்து வைக்கிறாரோ என்று திரையை எட்டிப் பார்ப்பேன். "உள்ள வந்தே பாத்துடுங்க" என்று திரையைத் தூக்கிப் பிடிப்பார்.

அவர் சொந்த ஊரான அதிராம்பட்டினத்துக்கு ஒருமுறை அழைத்துப் போனார். கடலோர உப்பு மண்ணில் மெஷின் சும்மா சும்மா கத்தும். வட்டத்தைத் தரைக்கு மேலே ஏற்றி இறக்கி, சத்தம் அடங்கும்வரை பொறுமையாகத் திருகுவார். "மண்ணு பேசுறத மொதல்ல கழிச்சுடணும்" என்பார். அன்று கிடைத்தது ஒரு சோடா மூடி. அதற்கு அப்படி ஒரு சந்தோஷம்.

நேற்று அடக்கத்துக்கு அதிராம்பட்டினம் போயிருந்தேன். பிளாஸ்டிக் சேரில் எனக்கு முன்னாலேயே ரகு உட்கார்ந்திருந்தார். இவருக்கு இங்கே என்ன வேலை என்றுதான் முதலில் தோன்றியது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அவரேதான் முதலில் பேசினார். "உனக்கு முன்னாடி அந்தப் பைப்பைப் புடுங்கிடலாம்னுதான் மெஷின் வாங்குனேன். கத்தவே இல்ல."

"பாய்கிட்ட என்னன்னு சொல்லி வாங்குனீங்க?"

"மோதிரம் காணோம்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சாவு வீடு... அடக்கிக்கொண்டேன். "திரும்பப் போய்க் கேக்கலையா?"

"வீட்டுக்கே வரச்சொல்லிக் கேட்டேனே. நீ கடைல போய் சத்தம் போட்டியே, அதுக்கு முந்தின நாள். பைப்பைத்தான் தேடுறேன்னு உள்ளதையே சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"மண்ணு ஈரமா இருக்கு, காயட்டும்னாரு."



பாய்... நான் உங்களை ஒரு நாள்கூட முழுசாக நம்பியதில்லை. நீங்கள் எதை வைத்து என்னை நம்பினீர்கள்?

போய் வாருங்கள் பாய். அந்த முதல் மெஷினின் குமிழ் நீங்கள் திருப்பி வைத்த இடத்திலேயே இருக்கிறது.