கசிவு மாமா வாங்கிய தண்ணீர்க் கேமரா

என் அக்கா வீட்டுக்காரரை எல்லோரும் கசிவு என்றுதான் கூப்பிடுவார்கள். மொட்டை மாடி, குளியலறை, தண்ணீர்த் தொட்டி என்று எங்கே ஒழுகினாலும் அடைத்துக் கொடுப்பது அவர் தொழில். நான் மட்டும் மாமா என்பேன், அதுவும் முகத்துக்கு நேராக. ஆள் தங்கமானவர்தான். ஆனால் அவரோடு ஓரிடத்துக்குப் போய்வர முடியாது. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் மணமக்களைப் பார்க்குமுன் கூரையைப் பார்ப்பார். கல்யாணம் எப்படி என்று வீட்டில் அக்கா கேட்டால், "மேடைக்கு மேல ஈரம் ஊறியிருக்கு, அடுத்த மழைக்குத் தாங்காது" என்பார். சரி, பெண் எப்படி, மாப்பிள்ளை எப்படி என்றால் வெகுநேரம் யோசிப்பார். இரண்டு பேரும் வந்திருந்தார்கள் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் நினைவிருக்காது.

இப்பேர்ப்பட்டவர் தலையில்தான் கடலுக்கு அடியில் இருப்பதைப் பார்த்துவந்து சொல்லும் பொறுப்பு வந்து விழுந்தது.

ஒரு கடற்கரை விடுதியின் மாடி ஒழுகலை மாமா நிறுத்திக் கொடுத்திருந்தார். விடுதிக்காரருக்கு அதில் பரம சந்தோஷம். குடும்பத்தோடு வந்து சில நாள் தங்குங்கள், படகில் கூட்டிப்போய் மூச்சுக்குழாய் மாட்டிக் கடலில் மிதக்க விடுகிறோம், பவளமும் மீனும் பார்க்கலாம் என்று அழைத்துவிட்டார். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. மீன் என்றால் அவளுக்கு உயிர். அந்த ஆசையும் வந்த வழி கொஞ்சம் வேடிக்கையானது. அக்காவின் செவிப்பறையில் ஒரு ஓட்டை விழுந்திருந்தது. காது டாக்டர் வீட்டு முன்னறையில் ஒரு மீன் தொட்டி உண்டு. அதன் எதிரே அவள் மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தாள். எந்த மீன் எந்த மீனோடு சண்டை என்பதுவரை அவளுக்கு அத்துப்படி.

ஊரில் உள்ள ஓட்டையெல்லாம் அடைத்த மனுஷனால் வீட்டில் இருந்த அந்த ஒரு ஓட்டையை அடைக்க முடியவில்லை. அதில் மாமாவுக்குப் பெரிய வருத்தம். ஆபரேஷன் முடிந்து டாக்டர் வெளியே வந்ததும், எதை வைத்து அடைத்தீர்கள், எத்தனை வருஷத்துக்கு உத்தரவாதம் என்று கேட்டார். நான் அந்தப் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டேன்.

கடலுக்குப் போகலாமா என்று கேட்டதற்கு டாக்டர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். படகில் உட்காரலாம், தலை மட்டும் தண்ணீருக்குள் போகக் கூடாது. அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. நீங்கள் போய்ப் பாருங்கள், நான் படகில் இருந்துகொள்கிறேன் என்று மாமாவிடம் சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். நான் பின்னாலேயே போனேன்.

"அவர் பார்த்துட்டு வந்து சொன்னா, கடலுக்கு அடியில ஒரே ஈரமா இருக்குன்னு சொல்வார்டா" என்றாள். "எனக்குப் படம் வேணும். நீதானே கேமராக்காரன், நல்லதா ஒண்ணு பார்த்து வாங்கிக் குடு."

நான் கேமராக்காரன் என்பது அக்கா என் மேல் வைத்திருக்கும் பாசம். ஒரு ஸ்டுடியோவில் பாஸ்போர்ட் அளவுப் படம் எடுப்பவன் நான். முகத்தை நேராக வையுங்கள், சிரிக்காதீர்கள், இரண்டு காதும் தெரியட்டும், அவ்வளவுதான் என் கலை. இருந்தாலும் கெத்தை விட முடியுமா? பிக்சல், வேகம், பேட்டரி என்று நான்கு விஷயம் படித்துக்கொண்டு மாமாவோடு கடைக்குக் கிளம்பினேன். அவர் ஸ்கூட்டரின் முன்பக்கம் ஒரு வாளியை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

பெரிய கடையில் விற்பனைப் பையன் ஒரு கேமராவை எடுத்து நீட்டினான். அப்படியே தண்ணீரில் இறக்கலாம், உறையே வேண்டாம். விலையைக் கேட்டதும் மாமா, இந்தக் காசுக்கு ஒரு குளியலறையையே பிரித்துக் கட்டிவிடலாமே என்றார். பெட்டியில் 'நீர் புகாது' என்று போட்டிருப்பதைப் பையன் காட்டினான்.

"நான் பூசுற டப்பாலயும் பத்து வருஷத்துக்கு ஒழுகாதுன்னுதான் தம்பி போட்டிருக்கு. அதெல்லாம் நிஜம்னா எனக்குத் தொழிலே இருக்காது" என்ற மாமா, கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா என்று வாளியை எடுத்தார். வாசலில் இருந்த காவலாளி எங்களை மரியாதையாகத்தான் வெளியே அனுப்பினார்.

அடுத்து, செல்போனைப் போட்டு மூடும் பிளாஸ்டிக் பை. கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளலாம், மலிவு. மாமா அதற்குள் ஒரு காகிதக் கைத்துண்டை மடித்து வைத்து, கல்லைக் கட்டி வாளியில் இறக்கினார். எடுத்தபோது ஒரு மூலை நனைந்திருந்தது. பார்த்தாயா என்று அந்த மூலையை என் மூக்குக்கு நேரே நீட்டினார். பரீட்சையில் முதலாவதாக வந்தவர்போல அன்று முழுக்க உற்சாகமாக இருந்தார். ஒருமுறை எடுத்துவிட்டுத் தூக்கிப்போடும் பிலிம் கேமராவும் ஒன்று இருந்தது. பிலிமைக் கழுவினால்தான் படம் தெரியும் என்று வீட்டில் வந்து சொன்னதும் அக்கா உதட்டைப் பிதுக்கிவிட்டாள்.

கடைசியில் ஒரு சந்துக்குள் பழைய கேமரா விற்கும் ஆளிடம் போய்ச் சேர்ந்தோம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக, ஊர் பேர் தெரியாத கேமரா. அதற்குக் கண்ணாடிபோல் ஒரு கெட்டி உறை. பின்னால் குட்டித் திரை. விலை எங்கள் கைக்கு எட்டியது. நான் பிக்சலைப் பற்றி ஆரம்பித்தேன். மாமா காதிலேயே வாங்காமல், தண்ணீர் புகாமல் உறையின் விளிம்பை அடைக்கும் ரப்பர் எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டார். வீட்டுக்குக் கொண்டுபோய் உறையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்றார். கடைக்காரர் முறைத்தார். அந்த நேரம் பார்த்து மாமாவின் கண் வழக்கம்போல மேலே போனது. கல்லாவுக்கு நேர்மேலே கூரை ஊறி, கீழே ஒரு டப்பா வைத்திருந்தார்கள். அதற்கப்புறம் பேச்சே வேறு மாதிரி ஆகிவிட்டது. மாமா ஏணி கேட்டார், கடைக்காரர் டீ சொன்னார், உறை எங்கள் கைக்கு வந்தது.

உள்ளே மடித்து வைத்த காகிதத்தோடு அது ராத்திரி முழுக்க வாளிக்குள் கிடந்தது. காலையில் மாமா காகிதத்தை எடுத்துக் கன்னத்தில் ஒற்றிப் பார்த்தார். அக்காவின் கன்னத்திலும் ஒற்றினார். காய்ந்துதான் இருந்தது. அதோடு விட்டாரா? எதற்கும் இருக்கட்டும் என்று உறையைச் சுற்றிலும் அவருடைய பசையைப் பூசிவிடக் குழாயை எடுத்தார். அப்புறம் பித்தானை எப்படி அமுக்குவது, கேமராவை எப்படி வெளியே எடுப்பது என்று நான் கத்தினதால் கேமரா பிழைத்தது.

படகில் போன அன்று வெயில் கண்ணைப் பறித்தது. படகுக்காரர் முகக் கண்ணாடியும் மூச்சுக்குழாயும் கொடுத்தார். ஒரே ஒரு இறக்கம்தான், விசில் ஊதினால் ஏறிவிட வேண்டும் என்றார். எனக்கும் தண்ணீருக்கும் ஆகாது. அதனால் அக்காவுக்குத் துணை என்று பெருந்தன்மையாக உட்கார்ந்துகொண்டேன். மாமா மிதவைச் சட்டையோடு இறங்கி, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு மிதந்து போனார். அக்கா விளிம்பில் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். மேலேயிருந்து பார்த்தால் பளபளப்பைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் கூட இறங்கியவர்கள் தலையைத் தூக்கி, ஆமை, ஆமை என்று கூவினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். 

"அவர் எடுத்திருப்பாருல்ல?" என்றாள்.

எடுத்திருப்பார் என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை.

படகுக்காரர் விசில் ஊதினார். மாமா ஏறிவந்தார். அக்கா வாயைத் திறப்பதற்குள் கேமராவை உயர்த்திக் காட்டி, "ஒரு சொட்டுகூடப் போகல" என்றார்.

துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு மூன்று பேரும் குட்டித் திரைக்குள் தலையை விட்டோம். நான் பித்தானை அமுக்கினேன். ஒரு நொடி நீலம். அடுத்து மாமாவின் முகம். முகக் கண்ணாடிக்குள் இரண்டு கண்ணும் பிதுங்க, புருவம் நெரிய, திரை முழுக்க மாமா. கொஞ்சம் தள்ளினேன், மாமா. இன்னும் தள்ளினேன், அதே மாமா. முகம் நேராக, சிரிக்காமல், இரண்டு காதும் தெரிய இருந்தார். ஸ்டுடியோவில் ஒரு ஆளையாவது என்னால் அப்படி உட்காரவைக்க முடிந்ததில்லை.

நடந்தது இதுதான். தண்ணீரில் இறங்கியதும் உறையின் கண்ணாடிமேல் சின்னச் சின்னக் காற்றுக்குமிழ் ஒட்டியிருக்கிறது. அது வெளியே இருக்கிற குமிழா, உள்ளே போன சொட்டா என்று மாமாவுக்குச் சந்தேகம். நின்ற வாக்கில் மிதந்தபடி, கேமராவைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறார். துடைத்துவிட்டு மறுபடி பார்த்திருக்கிறார். கேமரா ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. கடல் முழுக்க அவர் முதுகுக்குப் பின்னால் கிடந்தது.

மாமாவின் முகம் செத்துப்போய்விட்டது. இன்னொரு தடவை இறங்குகிறேன் என்று எழுந்தார். படகுக்காரர் இஞ்சினைக் கிளப்பிவிட்டிருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, வாளி, சந்து, ஏணி எல்லாவற்றையும் ஒருசேரச் சொல்லிக் காட்ட வாயைத் திறந்தேன். அக்கா என் தொடையில் ஒரு தட்டுத் தட்டி, பேசாமல் இரு என்றாள். அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

மாமாவின் இடது காதுக்குப் பின்னால் மஞ்சள் மீன்கள் கூட்டமாகத் திரும்பின. தோளுக்கு மேலே பவளம் தெரிந்தது. அப்புறம், அவர் தலைக்குப் பின்னாலிருந்து, அவசரமே இல்லாமல், ஒரு ஆமை.

"ஏங்க, உங்க பின்னாடி பாருங்க" என்றாள் அக்கா.

மாமா படகிலேயே திரும்பிப் பார்த்தார். அக்கா சிரித்த சிரிப்பில் படகே திரும்பிப் பார்த்தது. அவள் கேமராவை அவரிடம் கொடுத்தாள். அந்த ஆமையை மாமா அப்போதுதான் பார்த்தார். கடலுக்குள் போய்வந்தவருக்கு, போகாதவள் ஒவ்வொரு மீனாகக் காட்டிக்கொண்டு வந்தாள்.

பிறகு கேமராவைத் திரும்ப வாங்கி, முதலிலிருந்து ஓடவிட்டாள். இந்த முறை அவள் மீனைப் பார்க்கவில்லை.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவர் இவ்வளவு நேரம் என் முகத்தைப் பார்த்ததே இல்லடா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "இதுல என்னையேதான் பார்த்துக்கிட்டிருக்கார்."

"உன்னை எங்க பார்த்தேன்? கண்ணாடியைத்தான் பார்த்தேன்" என்றார் மாமா. "அதுக்குள்ள தண்ணி போயிட்டா நீ எதைப் பார்ப்பே?"

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை. மாமா ஒழுகுவதையே பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் அதை எப்படி நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. நான் எழுந்து படகுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.