நாற்பத்தொரு வேலையும் ஒரு பஸ்ஸும்

முதலில் நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. நாடு முழுக்கக் கார் விற்பனை நின்றது.
2. கார்க் கதவு ஓரத்தில் தண்ணீர் புகாமல் அடைக்கும் ரப்பர் சீல் செய்யும் எங்கள் தொழிற்சாலைக்கு ஆர்டர் நின்றது.
3. மூன்று லைனில் இரண்டை மூடினார்கள். முதலில் ஓவர்டைம் போனது. பிறகு கேன்டீன், பிறகு ஆட்களை ஏற்றிவரும் கிலாங் பஸ் (கிலாங் என்றால் மலாயில் தொழிற்சாலை), கடைசியில் ஆட்கள்.
4. கட்டுப்பாடு தளர்ந்தது. கடைகள் திறந்தன, கார்களும் விற்றன. எங்களுக்கு மட்டும் எதுவும் வரவில்லை.
5. ஒன்றரை வருடம் கழித்து ஒரு வாடிக்கையாளர், மூன்றாம் லைன் ஓடுவதை நேரில் பார்த்துவிட்டு ஆர்டர் தருகிறேன் என்றார்.
6. லைனை எழுப்ப நாற்பத்தொரு வேலைகள் என்று பட்டியல் போட்டேன். எல்லாவற்றுக்கும் டிக் போட்டேன்.
7. திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு லைனில் ஒரு ஆள்கூட இல்லை.

நான் மெயின்டனன்ஸ் டெக்னீஷியன். ஈப்போவில் பாலிடெக்னிக் முடித்து இந்த வேலைக்கு வந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக அந்த ஏழாவது வரியை எழுதுகிறேன்.

அன்று லைன் ஓடாவிட்டால் என்ன ஆகும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. சீல்களை அழுத்தி வார்க்கும் பிரஸ் மெஷின்களை வெளிநாட்டில் இருக்கும் இன்னொரு கிளைக்கு அனுப்பிவிடுவார்கள். மரப்பெட்டி செய்ய அளவெடுத்து, ஒவ்வொரு மெஷினின் காலடியிலும் சாக்பீஸில் கோடுகூடப் போட்டிருந்தார்கள். அந்த லைனில் வேலை செய்த பதினான்கு பெண்களும் ஒரே பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள். தாப்பா ஊருக்குப் போகும் பழைய சாலையில், முக்கால் மணி நேரப் பயணம். தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அவர்களுக்கு இன்னும் தோட்டம்தான்.

பட்டியலில் நான் எதையும் விட்டதாக நினைக்கவில்லை. ஹைட்ராலிக் ஆயில் மாற்றினேன். எலி கடித்த ஒயர்களை மாற்றினேன். இரண்டாம் நம்பர் பிரஸ்ஸின் கதவு எப்போதும் சிக்கும், அதையும் தேய்த்துச் சரிசெய்தேன். பதினான்கு பேருக்கும் நானே போன் செய்து, திங்கட்கிழமை ஏழு மணி ஷிப்ட் என்று சொன்னேன். அன்று விடியும் முன்பே வந்து ஹீட்டர்களைப் போட்டேன். ஆறே முக்காலுக்கு மோல்ட் எல்லாம் சூடேறித் தயாராக இருந்தது.

ஏழு மணிக்கு மேனேஜர் உள்ளே வந்து, காலியான லைனைப் பார்த்தார். வாடிக்கையாளர் பத்து மணிக்கு வருவார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் தேவலை.

லைன் லீடர் சரோஜா அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்கக்கா இருக்கீங்க?"

"ரோட்டுலதான்மா. அஞ்சரைல இருந்து எல்லாரும் நிக்கிறோம். பஸ்ஸதான் இன்னும் காணோம்லா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பஸ்ஸை நிறுத்தியது யாருக்கும் மறக்கவில்லை. திரும்ப விடுவது யார் வேலை என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. ஆபீஸ் என்னைப் பார்த்திருந்தது, நான் ஆபீஸைப் பார்த்திருந்தேன். அந்தப் பெண்களில் மோட்டார் சைக்கிள் வைத்திருந்த இரண்டொருவரும் அந்த மோசமான வருடத்திலேயே விற்றுவிட்டார்கள்.

ஏன் ஒரு போன் போடவில்லை என்று கேட்டேன். சரோஜா அக்காவுக்குப் பின்னால் மழைத் தூறலும் யாரோ சிரிப்பதும் கேட்டன.

"கேக்க பயமா இருந்துச்சுமா. கேட்டா, இன்னைக்கு வேல இல்ல, வீட்டுக்குப் போங்கன்னு சொல்லிட்டீங்கன்னா? கேக்காம நின்னா வேல இருக்குன்னுதானே அர்த்தம்."

அவர்கள் நின்ற இடத்துக்குப் பெரட்டுக் களம் என்று பெயர். தோட்டம் இருந்த காலத்தில், விடியற்காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்பிய இடம். வேலை இல்லை என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி சொல்லும்வரை அங்கிருந்து யாரும் நகர மாட்டார்களாம். தோட்டம் போய் இத்தனை வருடம் ஆகியும் பதினான்கு பேரும் அதே கணக்கில் நின்றிருக்கிறார்கள்.

"வேல இருக்குக்கா. அங்கயே நில்லுங்க," என்றேன்.

எங்கள் பழைய பஸ் டிரைவர் பெர்னார்ட் அண்ணன். பஸ்ஸை நிறுத்தியபோது வேலை போன முதல் ஆள் அவர். இப்போது அதே பக்கத்தில் பள்ளிப் பஸ் ஓட்டுகிறார். அவரிடம் உதவி கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டேன்.

"இப்பதான் என் ஞாபகம் வருதா ஒங்க கம்பெனிக்கு?" என்றார். அவரே தொடர்ந்தார்: "ஏழரைக்குப் பிள்ளைங்கள எறக்கிடுவேன். அப்புறம் ஏத்திட்டு வாரேன். கம்பெனிக்காக இல்ல, சரோஜாவுக்காக."

எட்டரைக்கு மஞ்சள் பஸ் கேட்டுக்குள் வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான இருக்கையில், முழங்காலை நெஞ்சோடு வைத்துப் பதினான்கு பேர். யூனிஃபார்ம் நனையாமல் இருக்க பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தார்கள். பெர்னார்ட் அண்ணன் கதவைத் திறந்து, "வரிசையா எறங்குங்க, தள்ளுனா டீச்சர்கிட்ட சொல்லிடுவேன்," என்றார். சரோஜா அக்கா இறங்கும்போது அண்ணன் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

முதல் தட்டில் வந்த சீல் முழுவதும் ரிஜெக்ட். இரண்டாவதில் பாதி தேறியது. ஒன்பதரைக்கெல்லாம் அவர்கள் கைக்குப் பழைய வேகம் வந்துவிட்டது. சூடான சீல்களை எடுப்பதும் ஓரம் வெட்டுவதும் பேசிக்கொண்டேதான். பத்து மணிக்கு வந்த வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். பதினான்கு பேருக்கும் எத்தனை வருட அனுபவம் என்று கேட்டார். மேனேஜர் என்னைப் பார்த்தார், நான் சரோஜா அக்காவைப் பார்த்தேன். அவர் வெட்டி முடித்த சீல் ஒன்றை வாடிக்கையாளர் பக்கம் நீட்டிவிட்டு, அடுத்ததை வெட்டத் தொடங்கினார்.

மெஷின் எப்படி நின்றது என்று எழுதி வைப்பது நம் பழக்கம். ஆட்களுக்கு எது எது நின்றது என்பதையும் வரிசையாக எழுதி வையுங்கள். திறக்கும்போது கடைசி வரியிலிருந்து மேலே வாருங்கள்.

இப்போதைய நிலை: ஆர்டர் வந்தது. மூன்றாம் லைன் ஒரு ஷிப்ட் ஓடுகிறது. இரண்டாம் லைன் இன்னும் மூடியேதான் இருக்கிறது, கேன்டீனும் அப்படியே. பெர்னார்ட் அண்ணன் கம்பெனி வேலைக்குத் திரும்பவில்லை. பள்ளிக்குப் போகும் முன் ஒரு நடை எங்கள் ஆட்களை இறக்கிவிடுகிறார். பஸ் ஐந்தரைக்குப் பெரட்டுக் களத்துக்கு வருகிறது.