பாடுகிற பிளேடும் இருமுகிற பிளேடும்

பிளேடைக் கொக்கியில் தொங்கவிட்டு, சின்னச் சுத்தியலால் ஒரே ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்கிறார். தலை இடப்பக்கம் சாய்கிறது. அந்த நேரத்தில் பக்கத்தில் நிற்பவர்கள் தும்மக்கூடக் கூடாது. ஓசை அடங்கும்வரை அப்படியே நின்றுவிட்டு, "பாடுது, மாட்டுங்க" என்பார். சில சமயம் உதட்டைப் பிதுக்குவார். "இருமுது. தூக்கிப் போடுங்க." நோயாளியின் நெஞ்சைத் தட்டிப் பார்க்கிற மாதிரி இருப்பதால் அந்த ஆலையில் எல்லாருக்கும் அவர் வைத்தியர்தான். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பது சந்தேகம்.

ஆலை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தகரக் கொட்டகை, நடுவே ஒரு சிப்பர் இயந்திரம். கிளையும் கட்டையுமாக ஒரு பக்கம் விழுங்கி மறுபக்கம் சில்லுகளாகத் துப்பும். உள்ளே சுற்றுகிற உருளையில் நான்கு பிளேடுகள். ஓட்டத்தில் ஒன்று உடைந்தால் துண்டு எந்தத் திசையில் பாயும் என்று யாரும் சொல்ல முடியாது. இரும்புக் கூட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். விரிசல் விட்ட பிளேடை ஓசையிலேயே கண்டுபிடித்து, அப்படி நடக்காமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியரின் உத்தியோகம். ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணுக்கும் தெரியாத வேலை அது. பாராட்டும் கிடையாது.

தெருவோர மரங்கள் மேல் அவருக்கு நம்பிக்கையே இல்லை. கட்டைகள் வண்டியிலிருந்து இறங்கியதும் காந்தத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டையையும் சுற்றி வருவார். "வீடு வாடகைக்குன்னு எவனோ பலகை அடிச்சிருப்பான். பலகை போயிரும், ஆணி இருக்கும். மரம் அதை முழுங்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்கும்." சாணை பிடிக்கும்போது அவசரப்படுத்தினால் பேச்சை நிறுத்திவிடுவார். அழுத்திப் பிடித்தால் விளிம்பு சூடேறி நீலம் பூக்கும், நீலம் பூத்த இடத்தில் பிறகு விரிசல் விடும். அதனால் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, தொட்டுத் தொட்டு எடுப்பார். கழற்றிய போல்ட்டைத் திரும்ப மாட்ட விடமாட்டார். "அது உயிரைக் குடுத்து ஒரு தடவை இழுத்துப் பிடிச்சிருக்கு. மறுபடியும் அதுகிட்டயே போய் நின்னா நல்லாவா இருக்கும்?" என்பார்.

இத்தனைக்கும் உள்ளே ஒரு பயம் இருந்தது. இயந்திரத்தின் வாயருகே நின்று கட்டைகளைத் தள்ளுகிறவர் வைத்தியருடைய தங்கையின் கணவர். வேலையில்லாமல் இருந்தவரை இங்கே சேர்த்துவிட்டதும் வைத்தியர்தான். முதல் நாள் தங்கை வாசல்வரை வந்து, "உன்னை நம்பித்தான்ணே அனுப்புறேன். போன மாதிரியே திரும்பி வரணும்" என்றாள். கல்யாணத்தில் தாலி கட்டியபோதுகூட அவள் முகம் அவ்வளவு வெளிறியிருக்கவில்லை. அந்த வார்த்தையை வைத்தியர் மறக்கவேயில்லை.

கொட்டகையில் காதுமூடி கட்டாயம். வைத்தியருடையது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கப்படாமல் வாசல் ஆணியில் தொங்குகிறது. முனை மழுங்கினாலோ போல்ட் தளர்ந்தாலோ இயந்திரத்தின் ஓசையில் ஒரு பிசிறு தட்டும். அது காதில் விழுந்தவுடன் ஓடிப்போய் நிறுத்துவார். "காதை அடைச்சிக்கிட்டா அது கூப்பிடுறது யாருக்குக் கேக்கும்?" என்பது அவர் கட்சி. மாப்பிள்ளையும் அதையே பிடித்துக்கொண்டார். "மச்சானே போடல, எனக்கு மட்டும் என்னவாம்?"

பிளேடுகளைக் காப்பாற்றிய காது கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வீட்டில்தான் முதலில் தெரிந்தது. "உப்பு போதுமா?" என்று மனைவி கேட்டால், "நாளைக்கு வாங்கிக்கலாம்" என்பார். பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுகிற அளவுக்கு டிவியை வைப்பார். அவளும் முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஒருநாள், முதுகுக்குப் பின்னால் நின்று நான்கு முறை கூப்பிட்டும் அவர் திரும்பாதபோது, அடுப்படிக்குள் போய் உட்கார்ந்து அழுதாள். அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆலையில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, அவருக்கும்கூட. வழக்கம்போல் தட்டினார், கண்ணை மூடினார், பாடுது என்றார். ஒரு மத்தியானம் அப்படி அவர் தேறிவிட்டதென்று சொன்ன பிளேடை மாப்பிள்ளை எடுத்துப் போகையில் அது கைதவறி மேசையில் விழுந்தது. விழுந்த சத்தத்தில் மாப்பிள்ளைக்கே முகம் மாறியது. திருப்பிப் பார்த்தால் போல்ட் துளையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல். அவர் யாரையும் கூப்பிடவில்லை. மச்சான் பக்கத்தில் கொண்டுவந்து வைத்து, விரலால் அந்த இடத்தைக் காட்டிவிட்டு, வேறு பிளேடை எடுத்துக்கொண்டு போனார். வைத்தியர் அதைத் தொங்கவிட்டு மறுபடி தட்டினார்; விரிசலோடும் அது அவருக்குப் பாடியது. இவ்வளவு நாள் தாம் கேட்டது இரும்பின் ஓசையே இல்லை, பழைய ஞாபகம் என்பது அப்போதுதான் அவருக்கு விளங்கியது. தங்கை வாசலில் நின்ற கோலம் கண்ணிலேயே நின்றது.

அன்றிலிருந்து எல்லாப் பிளேடுகளும் இருமத் தொடங்கின. எதைத் தட்டினாலும் உதட்டைப் பிதுக்கினார். பழைய இரும்புக் குவியல் ஏறிக்கொண்டே போனது. முதலாளியம்மா அதிலிருந்து சிலவற்றைப் பட்டறைக்கு அனுப்பி, மயிரிழை விரிசலையும் காட்டிக்கொடுக்கிற சாயம் பூசிப் பார்க்கச் சொன்னார். பிறகு அவற்றைத் தூக்கிக்கொண்டு நேரே கொட்டகைக்கு வந்தார்.

"ஒண்ணுலயும் ஒரு கீறல் இல்ல. ஏன்ண்ணே தூக்கிப் போட்டீங்க?"

வைத்தியர் முதுகைக் காட்டிக்கொண்டு போல்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா மறுபடி கேட்டார். பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றார். அவர் கையிலிருந்த பிளேடுகளைப் பார்த்ததும் வைத்தியர் கையிலிருந்த போல்ட்டைக் கீழே வைத்தார்.

"காது கேக்கலம்மா."

வாய்விட்டு அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் தேவைக்கு மேல் உரக்க வந்தது.

முதலாளியம்மா கோபத்தோடு வந்தவர்தான். அது எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் முகத்துக்கு நேராகக் குனிந்து, நிறுத்தி நிறுத்திக் கேட்டார். "எப்பலேர்ந்துண்ணே?"

"தெரியலம்மா. கேக்கலைங்கிறதே எனக்கு லேட்டாத்தான் தெரிஞ்சுது."

"சாணை, போல்ட்டு எல்லாம் நீங்களே பாருங்க. தட்டிப் பாக்குறதை மட்டும் வேற யாராவது பாக்கட்டும். பட்டறைக்கும் அப்பப்ப அனுப்பிருவோம்." திரும்பி, இயந்திரத்தின் அடியில் சில்லு வாரிக்கொண்டிருந்த மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். இயந்திரம் ஓடவில்லை, கொட்டகை அமைதியாக இருந்தது. மாப்பிள்ளை நிமிரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டபோது நிமிர்ந்தார். கையைக் குவித்துக் காதோரம் வைத்து, தலையை இடப்பக்கம் சாய்த்து, "ஆங்? என்னங்க சொன்னீங்க?" என்றார்.

அவர் கேட்டது வைத்தியருக்குக் கேட்கவில்லை. ஆனால் அந்தக் கையையும் சாய்ந்த தலையையும் பார்த்தார். அவருக்கு நன்றாகத் தெரிந்த சாய்வு அது. பிளேடு உடையாமல் இத்தனை காலம் பார்த்துக்கொண்டதெல்லாம் அந்த நேரத்தில் அவருக்கு ஒன்றுமே இல்லையென்று ஆகிப்போனது.

பட்டறையில் கீறல் இல்லையென்று தேறி வந்த பிளேடுகளில் நான்கை எடுத்துத் தொங்கவிட்டு, சுத்தியலை மாப்பிள்ளையிடம் நீட்டினார். மாப்பிள்ளை தயங்கித் தட்டினார். வைத்தியர் இந்த முறை கண்ணை மூடவில்லை, அவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாடுது மச்சான்."

நான்கையும் மாட்டி, புது போல்ட் போட்டு முறுக்கினார்கள். மாப்பிள்ளை கட்டைகளிடம் போகத் திரும்பினார். வைத்தியர் அவரை நிறுத்தி, வாசல் ஆணியிலிருந்து காதுமூடியை எடுத்து, தூசி படிந்த பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தார்.

"இதைப் போட்டுக்கிட்டா மிஷின் கூப்பிடுறது கேக்காதே மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

வைத்தியர் அவர் தலையில் அதை மாட்டி, இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றார்.