ஓர் அலிஃப் குறைந்த விளம்பரம்

எதை எழுதினாலும், அது வண்ணானுக்குப் போட்ட துணிகளின் பட்டியலாகவே இருந்தாலும், ரபீகா எழுதி முடித்த காகிதத்தை உடனே மடிக்கமாட்டாள். பேனாவைத் திருப்பிப் பிடித்துக்கொள்வாள். வலமிருந்து இடமாக, நிமிர்ந்து நிற்கும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பேனாவின் பின்முனையால் தொட்டுக்கொண்டு போவாள். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் அவள் வைத்திருந்த தானியக் கடைக்கு வந்துபோனவர்கள் ஆறு வருஷம் இதைப் பார்த்திருக்கிறார்கள். மனதுக்குள் ஏதோ ஓதுகிறாள் என்று நினைத்தவர்கள் உண்டு. கண் மங்கிவிட்டது என்று பேசியவர்களும் உண்டு.

அவள் தொட்டது அலிஃப்களை. ரபீகாவுக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்தக் காலத்து முஸ்லிம் வீட்டுப் பெண்கள் பலரைப்போல அவள் கற்றது அரபுத்தமிழ். பேச்சு தமிழ், எழுத்து அரபு. அதில் 'ல' என்பது 'லா' ஆக வேண்டுமென்றால் பக்கத்தில் ஓர் அலிஃப் நிற்க வேண்டும். ஒரே ஒரு செங்குத்துக் கோடு. தமிழில் அதற்குக் கால் என்று பெயர். 1932ஆம் வருஷம் ரபீகா அந்தக் கோடு ஒன்றை எழுத மறந்தாள்.

அப்போது அவள் இருந்தது குண்டசாலையில், மகாவலிக் கரையில். ஏழு ஏக்கர் நிலம். அவளுடைய நிக்காஹ் நடந்தபோது மாப்பிள்ளை சாஹுல் ஹமீது அதை மஹராக, பெண்ணுக்கே சொந்தமாகும் மணக்கொடையாக, எழுதிக் கொடுத்தார். அன்றைக்கு அது வெறும் காடு. பெண்ணுக்கு மஹராகப் பாம்பும் பன்றியும் கொடுத்திருக்கிறார்கள் என்று பந்தியில் உட்கார்ந்தவர்கள் சிரித்தார்களாம். சாஹுல் ஹமீது காட்டை வெட்டிப் புல்வெளியாக்கினார். ஆஸ்திரேலியாவிலிருந்து கப்பலில் வரும் குதிரைகளைக் கொழும்பில் வாங்கிவந்து, பழக்கி, தோட்டத்துத் துரைமாருக்கு விற்றார். முதலில் எழும்பியது வீடல்ல, லாயம். பன்னிரண்டு அறை, கல் பாவிய தரை, ஒவ்வோர் அறைக்கும் ஆற்றைப் பார்த்த ஜன்னல். புதுப்பெண் மூன்று வருஷம் ஓலைக்குடிலில் இருந்துதான் கல் வீட்டுக்குக் குடிபோனாள்.

பிறகு மோட்டார்கார் வந்தது. இருபதுகள் முடிவதற்குள் துரைமார் குதிரையை விட்டுக் காருக்கு மாறிவிட்டார்கள். சாஹுல் ஹமீதும் 1930இல் மௌத்தாகிப் போனார். பன்னிரண்டு அறைகளில் மிஞ்சியவை இரண்டு குதிரைகள். அவற்றைப் பார்க்க அழகையா மிஞ்சினார். தேயிலைத் தோட்டத்து லயம் ஒன்றில் பிறந்து, பதினெட்டு வருஷம் அந்த லாயத்தில் வேலை பார்த்தவர். ரபீகாவுக்கு மகள் ஹிதாயா மிஞ்சினாள்.

துரைமார் குதிரை வாங்குவதை நிறுத்தினார்களே தவிர வருவதை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் கண்டியிலிருந்து நாலைந்து கார் வந்து நிற்கும். மணல் துறையில் குளிப்பார்கள். மூங்கில் புதருக்குக் கீழே ஆழமான மடுவில் தூண்டில் போடுவார்கள். மேட்டுக்கு ஏறும் இரண்டு மைல் பாதையில் அந்த இரண்டு குதிரைகளையும் மாறி மாறி ஓட்டுவார்கள். சாஹுல் ஹமீது இருந்த காலத்தில் அவரிடம் ஒரு வார்த்தை கேட்பார்கள். அவர் போனபின் கேட்க ஆளில்லை என்று எண்ணிக்கொண்டார்கள் போலும்.

அவர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து அந்த இடத்தையே வாங்க நினைத்தார்கள். பேச்சுவார்த்தை நடந்தது ரபீகாவுடன் அல்ல, சாஹுல் ஹமீதின் தம்பி ஹுஸைனுடன். கெலிஓயாவில் இரும்புக்கடை வைத்திருந்தவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. விதவை மதினியும் குமர்ப்பிள்ளையும் ஆற்றோரத்தில் தனியே இருப்பது அவருக்கு மானப் பிரச்சினையாக இருந்தது. துரைமார் சொன்ன அடிமட்ட விலைக்குத் தலையாட்டிவிட்டு, நோன்புக்கு முன் எழுதித் தருவதாக வாக்கும் கொடுத்துவிட்டு, தன் வீட்டின் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டார். ரபீகாவும் மகளும் இனி அங்கேதான்.

அந்தப் பின்னறையை ரபீகா பார்த்திருக்கிறாள். அதற்குள் போகிறவள் மௌத்தானால்தான் வெளியே வருவாள் என்று அவளுக்குத் தெரியும். கட்டுகஸ்தோட்டையில் முன்பக்கம் கடையும் பின்பக்கம் இரண்டு அறையுமாக ஒரு வீடு விலைக்கு இருந்தது. துரைமார் விலைக்கு அதன் கதவுகூட வராது. வேறு ஆள் வந்து நல்ல விலை சொன்னால் வரும். நோன்புக்கு இன்னும் ஏழு வாரம் இருந்தது.

யாரிடமும் கேட்காமல் அவள் ஒரு விளம்பரம் எழுதினாள். அழகையா அதைக் கட்டுகஸ்தோட்டைக்குக் கொண்டுபோனார். அரபுத்தமிழும் தமிழும் அறிந்த கடைக்காரர் முஹைதீன் அதை எழுத்துப் பிசகாமல் தமிழில் பெயர்த்து, அச்சுக்கூடத்தில் கொடுத்து, இருநூறு தாள் அடிப்பித்தார். பாலத்தடியிலும் சந்தைகளிலும் ஒட்டினார்கள்.

'விற்பனைக்கு. குண்டசாலை ஆற்றோரம், ஏழு ஏக்கர். கல் வீடு. பன்னிரண்டு அறை லயம். பீலித் தண்ணீர். குளிக்க மணல் துறை, தூண்டில் போட மடு, சவாரி போக இரண்டு மைல் பாதை. நேரில் வந்து பார்க்கவும்.'

லயம் என்றால் தோட்டத்து ஜனங்கள் குடியிருக்கும் நீளக் கட்டடம். கண்டிப் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. பத்து நாள் யாரும் வரவில்லை. பட்டணத்துப் பணக்காரன் லயத்தை வாங்கி என்ன செய்வான்? பதினோராம் நாள் இரண்டு மாட்டுவண்டிகள் வந்து நின்றன. இறங்கியவர் தெல்தெனியாவுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் பெரிய கங்காணியாக இருந்த காளிமுத்து. கோட்டும் தலைப்பாகையுமாக இருந்தார். கூட அவர் மனைவி பேச்சியம்மாவும் ஏழெட்டு ஆண்களும். தேயிலை விலை விழுந்து தோட்டத்தில் ஆள் குறைத்தார்கள். அவர் கையின் கீழ் இருந்த பன்னிரண்டு குடும்பத்தையும் இந்தியாவுக்குக் கப்பலேற்றப் பார்த்தார்கள். கங்காணி அந்தப் பன்னிரண்டு குடும்பத்துக்கும் கூரை தேடிக்கொண்டிருந்தார். பன்னிரண்டு அறை லயம் என்று படித்ததும் சாமியே எழுதிப்போட்ட மாதிரி இருந்ததாம் அவருக்கு.

ஹுஸைனும் அன்று அங்கே இருந்தார். விளம்பரம் அவர் கண்ணில் பட்டு, கேட்டுவிட்டுப்போக வந்திருந்தார். ரபீகா வழக்கப்படி அறைக் கதவுத் திரைக்குப் பின்னால் நின்றாள். கங்காணி முற்றத்தைத் தாண்டிக் கட்டடத்தின் பக்கம் போனார். முதல் ஜன்னலில் ஒரு செம்பட்டைக் குதிரை தலையை நீட்டி அவருடைய தலைப்பாகையை மோந்தது.

"என்னங்கடா இது," என்றார் கங்காணி. "லயத்துல ஆளுக்குப் பதிலா குதிரை குடியிருக்கு?"

ஆட்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளை நீட்டி, எழுதியிருப்பதை உரக்கப் படித்து, கூலிக்காரன்தானே என்று ஏமாற்றப் பார்த்தீர்களா என்று கேட்டார். திரைக்குப் பின்னால் ரபீகா அலுமாரியைத் திறந்து தன் கையெழுத்துத் தாளை எடுத்தாள். லாம் என்ற எழுத்துக்கும் யா என்ற எழுத்துக்கும் நடுவே ஒன்றுமில்லை. அலிஃப் இல்லை.

ஹுஸைனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குரலை உயர்த்தாமல், திரையைப் பார்த்துக் கேட்டார்.

"எழுதினது ஆரு? மதினி, நீங்கதானே?"

ஆம் என்றால் அத்தோடு முடிந்தது. லாயம் என்று எழுதத் தெரியாதவள் காணி உறுதியில் கையெழுத்துப் போடப் போகிறாளா என்று அவர் ஊருக்குச் சொல்லுவார். கங்காணி வண்டி ஏறுவார். சுண்ணாம்பு அடித்த அறை காத்திருந்தது. ரபீகாவின் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை.

படிக்கட்டில் நின்ற அழகையா முன்னால் வந்தார்.

"எழுத்துல ஒண்ணுமில்லீங்க. அச்சுக்குக் கொண்டுபோனவன் நான்தான். வழியில தாள் நனைஞ்சு போச்சு, வாயால சொன்னேன். எங்க வாயில லயம்னுதாங்க வரும்."

தாள் நனையவே இல்லை. முஹைதீன் வாசித்துக் காட்டியபோது லயம் என்றுதான் அழகையாவின் காதிலும் விழுந்தது. அம்மா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

கங்காணி அவரை மேலும் கீழும் பார்த்தார். கோபம் இறங்கி நக்கல் ஏறியது.

"ஒரு எழுத்தோட காலையே தின்னுபுட்டியேடா. கால்தின்னிப் பய!"

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். ஹுஸைனும் சிரித்தார். வேறு வழியில்லை, கேட்க வந்த கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அழகையா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ரபீகாவுக்குக் குரல் வந்துவிட்டது.

"கங்காணியார், லாயமோ லயமோ, இவ்வளவு தூரம் வந்திட்டீங்க. உள்ளுக்குப் போய் அளந்து பாருங்கொ. பொறவு பேசுங்கொ."

அவர்கள் போனார்கள். கங்காணி குதிகாலும் பெருவிரலுமாக அடிவைத்து அளந்தார். பன்னிரண்டு அடி. மறுபக்கமும் பன்னிரண்டு. தோட்டத்து லயக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு, அதில் ஏழெட்டு உயிர். இங்கே கூரை உயரமாக இருந்தது. தண்ணீர் ஓடக் கல் கான் இருந்தது. பேச்சியம்மா ஐந்தாவது அறையின் ஜன்னல் பலகையைத் தள்ளித் திறந்தாள். ஆறு தெரிந்தது. அவள் அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, வீட்டுப் பக்கம் திரும்பி வந்து, திரைக்கு முன்னால் நின்றாள்.

"நாப்பது வருசமா லயத்துல இருந்தேங்க. ஒரு ஜன்னல் கிடையாது. குதிரைக்கு வச்சிருக்காங்க பாருங்க."

"உள்ளுக்கு வாங்கொ," என்றாள் ரபீகா.

ஆண்கள் விலை பேசும் இடத்துக்கு ரபீகா வெளியே வர முடியாது. பேச்சியம்மா உள்ளே போகலாம். இதை ஹுஸைன் யோசிக்கவே இல்லை. அவரும் கங்காணியும் வெளியே கதிரைகளில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, குசினியில் தேத்தண்ணி கொதித்தது. எந்த மூலையில் மரக்கறி போடலாம், கோடையில் பீலியில் வரும் ஊற்றுத் தண்ணீர் வற்றுமா, பிரசவத்துக்கு மருத்துவிச்சி கிட்டத்தில் உண்டா என்று பேச்சியம்மா கேட்டாள். எல்லாவற்றுக்கும் ரபீகா உள்ளதைச் சொன்னாள். ஐப்பசி வெள்ளத்தில் கீழ்ப்புல்வெளி முழுகும் என்பதையும் மறைக்கவில்லை. விலை கடைசியில்தான் வந்தது. இரண்டு பேச்சில் முடிந்தது. பேச்சியம்மா வெளியே வந்து புருஷனிடம் ஒரு வார்த்தை சொன்னாள், அவர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். சம்மதம் என்று அர்த்தம்.

ஹுஸைன் எழுந்து, துரைமாருக்குக் கொடுத்த வாக்கு என்னாவது என்று கேட்டார்.

"வாக்கு ஒங்கட," என்றாள் ரபீகா. "காணி எனக்கு மஹருக்குத் தந்தது. வாக்குக் குடுத்த நீங்க ஒங்கட காணியக் குடுங்க, மச்சான்."

கண்டியில் நொத்தாரிசு ராஜலிங்கத்தின் கந்தோரில் உறுதி எழுதினார்கள். அவர் யாழ்ப்பாணத்தார். பெண்கள் பெருவிரல் வைப்பதுதான் வழக்கம் என்று ஹுஸைன் மைத்தட்டை நகர்த்தினார். ரபீகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேனாவைக் கேட்டாள். அரபு எழுத்தில் தன் பேரை எழுதி, மூன்று தடவை சரிபார்த்தாள். ராஜலிங்கம் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஓம், இது செல்லும்," என்றார். நோன்புக்கு எட்டு நாள் இருக்கும்போது அவளும் ஹிதாயாவும் கட்டுகஸ்தோட்டை வீட்டைத் திறந்தார்கள். கெலிஓயாப் பின்னறையில் ஹுஸைன் ஆணி மூட்டைகளை அடுக்கினார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை துரைமாரின் கார்கள் வழக்கம்போல வந்தன. ஆற்றுப் பாதையை மறித்து ஒரு மூங்கில் படலை. படலைக்கு உட்பக்கம், நாற்பது வருஷம் துரைமாருக்கு முன்னால் நின்றபடியே பேசிய காளிமுத்து கங்காணி, கதிரையில் உட்கார்ந்திருந்தார். குளிப்புக்கு இவ்வளவு, தூண்டிலுக்கு இவ்வளவு, சவாரிக்கு இவ்வளவு என்று உட்கார்ந்தபடியே சொன்னார். துரைமார் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு, கொடுத்துவிட்டுப் போனார்கள். செய்தி கட்டுகஸ்தோட்டைக்கு வந்தபோது ரபீகா சிரித்த சிரிப்பில் முக்காடு நழுவிவிட்டது என்று ஹிதாயா சொல்வாள். பன்னிரண்டு குடும்பத்தில் ஒன்றும் கப்பலேறவில்லை. அவர்கள் பயிரிட்ட முட்டைக்கோவா கண்டிச் சந்தைக்குப் போனது. ரபீகாவின் கடையில் கொள்ளும் பயறும் நன்றாக விற்றன.

அழகையா குண்டசாலையிலேயே இருந்தார். சேணம் வைக்கும் அறையை அவர் குடும்பத்துக்குக் கங்காணி விட்டுக்கொடுத்தார். சவாரிக் குதிரைகள் இரண்டும் அவர் பொறுப்பு. எல்லாம் நல்லபடி. பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. கால்தின்னி என்று கங்காணி ஒரு தடவை சொன்னதை ஆட்கள் நூறு தடவை சொன்னார்கள். குதிரைக்குக் கொள்ளு வாங்க அவர் கடைக்கு வந்தால், நிற்கிற ஆட்கள் தங்கள் காலைத் தூக்கி மறைத்துக்கொள்வதுபோல நடிப்பார்கள், காலைத் தின்றுவிடுவாராம். ரபீகா தராசைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். கொள்ளு ஒரு பிடி கூட்டிப் போடுவாள். பெருநாளுக்கு வட்டிலப்பம் கொடுத்தனுப்புவாள். அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணி எடுத்துக்கொடுப்பாள். ஒருநாள் தாங்காமல் அவரிடம் மட்டும் மெதுவாக ஏதோ தொடங்கினாள்.

"விடுங்கம்மா," என்றார் அவர். "பேருதானே, கடிக்கவா போகுது."

அவர் விட்டார் என்பதற்காக அது தீர்ந்துவிடுமா? ஹிதாயா ஒருமுறை நேராகவே கேட்டாள். உறுதி எழுதியாகிவிட்டது, வீடு நம்முடையது, இனி யார் என்ன செய்ய முடியும், பிழை விட்டது நீங்கள்தான் என்று ஊரறியச் சொன்னால் என்ன? ரபீகா எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து கண்ணெடுக்கவில்லை.

"சொல்லத்தான் வேணும். இந்தப் பெருநாள் கழியட்டும்."

அந்தப் பெருநாள் கழிந்தது. அடுத்த பெருநாளுக்கு முன், 1938இல், ஒரு காய்ச்சலில் அவள் போய்விட்டாள். ஜனாஸாவுக்குக் கூட்டம் பாலம் வரைக்கும் நின்றது. தனியாக நின்று காணி விற்று ஜெயித்த பெண் என்று எல்லோரும் பேசினார்கள்.

அடுத்த வருஷம் அழகையா தன் மகனுக்குப் பெண் கேட்டுக் கம்பளைப் பக்கம் போனார். எந்த அழகையா என்று பெண் வீட்டார் விசாரித்தார்கள். கூடப் போனவர்கள் குதிரை பார்க்கிறவர் என்று சொல்லிப் பார்த்தார்கள், ஆற்றோரத்து அழகையா என்று சொல்லிப் பார்த்தார்கள். தெரியவில்லை. கால்தின்னி என்றதும் தெரிந்துவிட்டது.